பிரசன்ட்லி

ஸ்ட்ராம்னஸ் துறைமுக அலுவலகத்தில்
நான் சேர்ந்த ஒன்பதாம் நாள்.
கென்ட்டிலிருந்து கொண்டுவந்த குடை
ஏழாம் நாளே காற்றோடு போயிருந்தது.
மிச்சமிருந்தது என் ஆங்கிலம் மட்டும்.

டிசம்பர். மாலை நான்கரை.
ஆர்க்னித் தீவில் அது நடுநிசி மாதிரி.
தொலைபேசியில் ஒரு பெண்:
"தோரா ஐஸ்பிஸ்டர்.
ஹெஸ்டர் ஆன் வந்துவிட்டதா?"

அந்தப் படகு ஒரு மணி நேரம் முன்புதான்
வானொலியில் கரகரத்திருந்தது.
எஞ்சினில் கோளாறு, மெல்ல வருகிறோம்,
பயப்பட ஒன்றுமில்லை.
அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.
ஒரே சொல்லில் முடித்தேன்:
"பிரசன்ட்லி."

எங்கள் ஊரில் அதற்கு "இதோ" என்று பொருள்.
இதோ என்றால் இதோ இல்லை என்று
எல்லோருக்கும் தெரிந்த அந்த இதோ.
ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டே
வாசலில் நிற்பவரிடம் சொல்வது.
கெட்டிலில் தண்ணீரே பிடிக்காத வீட்டில்
தேநீர் வந்துகொண்டே இருப்பது.

பத்தே நிமிடம்.
தோரா படகுத்துறையில் நின்றாள்.
வீட்டுச் செருப்பு. கோட்டு இல்லை.
கையில் மூடிய பாத்திரம்,
விளிம்பில் ஆவி.
வெறும் தண்ணீரைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

"வந்திருக்கிறது என்றீர்களே."
"வரும் என்றேன்."
"பிரசன்ட்லி என்றீர்கள்."
"ஆமாம். பிரசன்ட்லி."
காற்று இருவருடையதையும்
வித்தியாசம் பாராமல் வாங்கிக்கொண்டது.

அங்கே அந்தச் சொல் யாரையும் காக்கவைக்காது.
பிரசன்ட்லி என்றால் இப்போது.
தச்சர் பிரசன்ட்லி கூரைமேல் இருக்கிறார் என்றால்
சுத்தியல் சத்தம் கேட்டாக வேண்டும்.
படகு பிரசன்ட்லி என்றால்
கயிறு கட்டியாகிவிட்டது,
அவன் கால் கல்லில் பட்டுவிட்டது.

என் கோட்டை நீட்டினேன். வேண்டாம் என்றாள்.
மழை வலுத்ததும் வாங்கிக்கொண்டாள்.
பாத்திரம் என் கைக்கு வந்தது.
வேறெதுவும் செய்யத் தெரியாமல்
எஞ்சின் கதையை முழுக்கச் சொன்னேன்.

"இதைச் சொல்ல எத்தனை வார்த்தை ஆனது?"
"பத்துப் பன்னிரண்டு இருக்கும்."
"உங்கள் கைக்காசா?"

நாற்பது நிமிடம்.
பாத்திரத்தின் சூடு
முதலில் என் விரல்களை விட்டது,
பிறகு உள்ளங்கையை.

ஹெஸ்டர் ஆன் ஒற்றை விளக்கோடு
முக்கித் தக்கி உள்ளே வந்தது.
சிகர்ட் ஐஸ்பிஸ்டர் குதித்து இறங்கி
எங்கள் முகங்களைப் பார்த்து,
"யார் செத்தது?" என்றான்.
ஆறிப்போன உருளைக்கிழங்கை
நின்றபடியே விரலால் வழித்துத் தின்றான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
என் கோட்டோடு போய்விட்டாள்.

இரவு அகராதியைப் புரட்டினேன்.
ஒரு காலத்தில் எங்கள் பக்கமும்
பிரசன்ட்லி என்றால் உடனே.
அந்த நொடியே.
யார் அதைக் கெடுத்தது?
எஜமான் கூப்பிட்டதும் "பிரசன்ட்லி" என்று குரல் கொடுத்து
இன்னொரு துண்டு ரொட்டி கடித்தவன்.
கடன் கொடுத்தவரைக் கதவிடுக்கில் பார்த்து
"பிரசன்ட்லி" என்று புன்னகைத்தவள்.
எழுந்திருக்க மனமில்லாத எல்லோரும்.
"சூன்" என்ற சொல்லும் அப்படித்தான்,
உடனேயாகப் பிறந்து
எங்களோடு பழகிப் பழகி
பிறகு ஆனது.
வாக்குக் கொடுத்தவர்கள் நகரவில்லை;
வார்த்தைதான் நகர்ந்து கொடுத்தது.

மறுநாள் தொலைபேசிக்கு மேலே
ஒரு தாளை ஒட்டினேன்.
எங்கே. எத்தனை மணிக்கு. ஏன் தாமதம்.
கோட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது,
பித்தான் ஒன்று புதிதாகத் தைக்கப்பட்டு,
லேசான மீன் வாடையோடு.

குடை வர பிப்ரவரி ஆனது.
சிகர்ட்டின் நண்டுக்கூடையில் மாட்டியிருந்ததாம்,
துணி போய், கம்பிகள் மட்டும்.
"உங்களுடையதா?" என்று மேசைமேல் வைத்தான்.
என்னுடையதுதான்.
விரித்துப் பார்த்தேன், விரிந்தது.
அலுவலக மூலையில் நிற்கிறது அது,
பிரசன்ட்லி.